ஐந்து லட்சம் முட்டை, ஐந்து லட்சம் விதம்

காசிமேட்டில் இறங்கும் வெள்ளை இறாலில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், ஓட்டுக்கு அடியில் முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது குடல், உரிக்கும்போது உருவி எறிவோமே, அதுதான். சில இறால்களில் அந்தக் கோட்டை ஒட்டியே பாசி நிறத்தில் தடித்த பட்டை ஒன்று தலையிலிருந்து வால்வரை ஓடும். தலையை அடுத்த முதல் கட்டில் இரு பக்கமும் புடைத்திருக்கும். வெந்தால் ஆரஞ்சு நிறமாகிவிடும். அதுதான் சினை. முதிர்ந்த தாய் இறால் என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்தப் பட்டைக்குள் சில பத்தாயிரங்களில் தொடங்கிச் சில லட்சங்கள் வரை முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் பருமன். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், அவற்றுள் ஒன்று இன்னொன்றின் நகலாக இருப்பதற்கு ஏறத்தாழ வழியே இல்லை. ஒரே தாய், ஒரே சினை, ஒரே இரவு. அப்படியிருந்தும் ஒவ்வொரு முட்டையிலும் இருக்கும் மரபணுத் தொகுப்பு வேறு. இந்த வேறுபாட்டை உண்டாக்கும் வேலையைச் செய்வது மியாசிஸ். பள்ளிப் பாடநூல்கள் இதைக் குன்றல் பகுப்பு என்கின்றன.

எண்ணூர்க்காரர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி மட்டுமில்லை. வெள்ளை இறாலின் வாழ்க்கை கடலுக்கும் கழிக்கும் நடுவில் ஓடுகிறது. தாய் கடலில் முட்டை விடும். குஞ்சு பல பருவங்களைக் கடந்து, இரண்டு வாரத்துக்குள் சிறு இறால் உருவம் பெற்று, அலையோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் சில மாதம் மேய்ந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய்த்தான் அது தாயாகும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் வலையும், பல்லில் பறியைக் கவ்விக்கொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் பிழைப்பும் இந்தப் போக்குவரத்தை நம்பியே இருக்கின்றன.

கூறு கட்டும் கணக்கு

உடம்பு வளரும்போது நடக்கும் செல் பிரிவு எளிமையானது. குரோமோசோம்கள் அனைத்தும் ஒரு முறை நகலெடுக்கப்பட்டு, இரண்டு சேய் செல்களுக்கும் ஒரே மாதிரியான முழுத் தொகுப்பு போய்ச்சேரும். இறாலின் தசையோ நம் தோலோ இப்படித்தான் வளர்கிறது. இதில் வேறுபாட்டுக்கு இடமில்லை. வேறுபாடு வந்தால் அது பிழை.

முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது நடப்பது வேறு. வெள்ளை இறால், வரி இறால் அடங்கிய குடும்பத்தில் பெரும்பாலான இனங்களுக்கு 88 குரோமோசோம்கள், அதாவது 44 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அந்தத் தாய் இறாலுக்கு அதன் அப்பாவிடமிருந்து வந்தது, மற்றது அம்மாவிடமிருந்து வந்தது. முட்டைக்குள் 44 மட்டுமே போக வேண்டும். இல்லையென்றால் தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். எந்த 44 போவது என்பதில்தான் விளையாட்டு.

மீன் விற்கும் அக்கா கூறு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் வஞ்சிரம், சங்கரா, வவ்வால் என்று 44 வகை மீன், ஒவ்வொரு வகையிலும் இரண்டு. ஒன்று அப்பா படகில் வந்தது, ஒன்று அம்மா படகில் வந்தது. இரண்டு கூறு கட்ட வேண்டும்; நிபந்தனை ஒன்றே ஒன்று, ஒவ்வொரு கூறிலும் 44 வகையும் இருந்தாக வேண்டும். அப்பா படகு வஞ்சிரம் இந்தக் கூறில் விழுந்துவிட்டதால் சங்கராவும் அப்பா படகிலிருந்தே வர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் பூவா தலையா போட்டதுபோல் விழும். மரபியலில் இதற்குச் சார்பின்றி ஒதுங்குதல் என்று பெயர். முதல் வகைக்கு இரண்டு வழி, இரண்டாவதற்கும் இரண்டு, இப்படி 44 முறை இரண்டைப் பெருக்கினால் சுமார் 17.6 லட்சம் கோடி விதமான கூறுகள் கட்டலாம்.

இந்தப் பெருக்கலை முதலில் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் வால்டர் சட்டன் என்ற அமெரிக்க இளைஞர். வெட்டுக்கிளியின் விந்துச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த அவர், மெண்டல் பட்டாணியில் கண்ட கணக்கும் குரோமோசோம்கள் பிரியும் முறையும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனித்தார். 1903-இல் வெளியிட்ட கட்டுரையில், குரோமோசோம் எண்ணிக்கை கூடக்கூடச் சேர்க்கைகள் எப்படிப் பெருகும் என்று அட்டவணையே போட்டுவிட்டார். மனிதருக்கு 23 ஜோடி என்பதால் நம் கணக்கு 83,88,608.

இறாலுக்குத் திரும்புவோம். ஒரு தாய் 5 லட்சம் முட்டை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் சுமார் 12,500 கோடி ஒப்பீடுகள் வரும். இருக்கும் விதங்களோ 17.6 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால், அந்த 5 லட்சத்தில் எங்காவது இரண்டு முட்டைகள் ஒரே குரோமோசோம் கூறைப் பெற்றிருக்க ஏறக்குறைய 140-இல் ஒரு வாய்ப்பு. அதாவது 140 தாய்களின் சினையை முழுக்கச் சலித்தால் ஒரே ஒரு இரட்டை தேறலாம். அந்த ஒன்றும் தேறாதபடி இன்னொரு வேலை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

வெட்டி ஒட்டும் வேலை

பிரிவதற்கு முன்னால், சினைக்குள்ளேயே, ஒவ்வொரு ஜோடியும் நெருங்கி வந்து நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் ஒவ்வொரு குரோமோசோமும் நகலெடுக்கப்பட்டு இரண்டு இழைகளாக இருக்கும். இழைகளுக்குக் குரோமாட்டிட் என்று பெயர். ஆக ஒரு ஜோடியில் நான்கு இழைகள். இந்த நேரத்தில் செல் தன் டி.என்.ஏ.வைத் தானே பல இடங்களில் வெட்டிக்கொள்கிறது. ஸ்போ-11 என்ற புரதம் அந்த வெட்டுகளைப் போடுகிறது. வேறு சமயத்தில் டி.என்.ஏ. அறுந்தால் செல்லுக்கு அது ஆபத்து. இங்கே அது வேண்டிச் செய்வது. அறுந்த இடத்தைச் செப்பனிட எதிரிலுள்ள ஜோடியின் இழையைத்தான் செல் பெரும்பாலும் துணைக்கு எடுக்கிறது. அப்படிச் செப்பனிடும்போது சில இடங்களில் இரண்டு இழைகளும் தம் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதுதான் குறுக்கேற்றம்.

மாற்றம் முடிந்ததும், முன்பு முழுக்க அப்பாவுடையதாக இருந்த இழையில் நடுவிலிருந்து கடைசிவரை அம்மாவின் துண்டு இருக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த யான்சென்ஸ் 1909-இல் சாலமாண்டரின் செல்களில் இழைகள் சிலுவைபோல் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதைப் பார்த்து இப்படித்தான் நடக்க வேண்டும் என்றார். 1931-இல் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்லின்டாக்கும் மக்காச்சோளத்தில் அதை நிரூபித்தார்கள். குரோமோசோமின் இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் உள்ள செடிகளைத் தேர்ந்தெடுத்து, குணம் இடம் மாறும்போது அந்த அடையாளமும் சேர்ந்து இடம் மாறுவதைக் காட்டினார்கள்.

குறுக்கேற்றத்தால் இரண்டு விளைவுகள். ஒன்று, கூறு கட்டும் கணக்குக்கு எல்லையே இல்லாமல் போகிறது. அப்பா குரோமோசோம், அம்மா குரோமோசோம் என்று இரண்டே தேர்வு இருந்த இடத்தில், இருவரின் துண்டுகளும் கலந்த புதிய குரோமோசோம்கள் வந்துவிடுகின்றன. துண்டு மாறும் இடம் முட்டைக்கு முட்டை வேறுபடும். இரண்டாவது விளைவைப் பலர் கவனிப்பதில்லை. குறுக்கேற்றம் நடந்த இடம்தான் ஜோடியைப் பிரியும் நேரம்வரை கட்டிவைத்திருக்கும் முடிச்சு. அது இல்லாத ஜோடி சரியாகப் பிரியாமல் போகலாம். ஆக, கலப்பு என்பது இந்தப் பிரிவில் கூடுதல் அலங்காரமாக வந்ததில்லை. சரியாகப் பிரிவதற்கே அது தேவைப்படுகிறது.

கடலில் விழுந்தபின் வரும் முடிவு

மனிதரிலும் மீன்களிலும் முதல் பிரிவு முட்டை வெளிவருமுன்பே முடிந்துவிடும். இந்தக் குடும்பத்து இறால்களில் இல்லை. தாயின் உடலை விட்டு வெளியேறும்போது முட்டை முதல் பிரிவின் நடுவில் அப்படியே நின்றுபோயிருக்கும். ஜோடிகள் நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும், பிரிந்திருக்காது. அதாவது கடலில் விழும் முட்டைக்குள் 88 குரோமோசோம்களும் இரட்டை இழைகளோடு, மொத்தம் 176 இழைகளாக, இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

முட்டை விடுவது பெரும்பாலும் இரவில். ஆண் இறால், தாய் ஓடு கழற்றி மெத்தென்று இருக்கும் சமயத்தில் விந்துப் பையை அதன் அடிப்புறப் பையில் வைத்துவிட்டுப் போயிருக்கும். இந்த விந்தணுக்களுக்கு வால் இல்லை, நீந்தாது. தாய் நீந்திக்கொண்டே முட்டையைச் சொரியும்போது சேமித்த விந்தணுக்களையும் கூடவே விடுகிறது. கருத்தரிப்பு தண்ணீரில் நடக்கிறது. முட்டை கடல்நீரைத் தொட்டதும் நின்றுபோன பிரிவு மறுபடி ஓடத் தொடங்கும். இந்த இறால்களையும் இவற்றின் உறவான கலிபோர்னியக் கரையோர இறால் ஒன்றையும் வைத்து நடந்த ஆய்வுகள், முட்டையை எழுப்புவதற்குக் கடல்நீரிலுள்ள மக்னீசியம் தேவை என்று காட்டியிருக்கின்றன.

அந்த நேரத்தில் முட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பத்து நிமிடம் போல ஆனதும் விளிம்பில் மிகச்சிறிய குமிழ் ஒன்று பிதுங்கி வெளியே வரும். முதல் துருவ உறுப்பு அது. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று அதற்குள் போய்விடுகிறது. 176 இழைகளில் 88 வெளியேறிவிட்டன. மேலும் பத்து நிமிடம் சென்று இரண்டாவது குமிழ். மிச்சமிருந்த ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு இழைகளும் இப்போது பிரிகின்றன. குறுக்கேற்றத்தால் இந்த இரண்டு இழைகளும் ஒன்றின் நகல் மற்றொன்று என்ற நிலையில் இல்லை. ஆகவே எது தங்குகிறது என்பதும் வேறுபாட்டை உண்டாக்கும். கடைசியில் முட்டையில் நிற்பது 44. விந்தணுவின் 44 சேர்ந்து 88 ஆகிறது.

மியாசிஸ் நான்கு சேய் செல்களைத் தரும் என்று படிக்கிறோம். ஆணில் நான்கும் விந்தணு ஆகின்றன. ஒவ்வொன்றிலும் வேறு தொகுப்பு. பெண்ணில் ஒரு பெரிய முட்டையும் பயனற்றுப்போகும் குமிழ்களும். கருவுக்கான ஊட்டம் முழுவதையும் ஒரே செல்லில் வைக்க வேண்டியிருப்பதால் இந்தப் பாரபட்சம். குமிழோடு வெளியேறும் முக்கால் பங்கு மரபுச் சரக்கு, அந்த முட்டையைப் பொறுத்தவரை நிரந்தர இழப்பு. ஆய்வகத்தில் இந்த நிமிடங்களில் திடீரென்று குளிரூட்டிக் குமிழ் வெளியேறாமல் தடுக்க முடியும். அப்படிச் செய்தால் மூன்று தொகுப்பு குரோமோசோம்களோடு இறால் பிறக்கும். அதன் செல்களில் ஜோடி சேர்வதே குழம்பிப்போவதால், அது பெரும்பாலும் மலடாகவே இருக்கும்.

தந்தை பக்கமும் அதே 17.6 லட்சம் கோடி விதங்கள் உண்டு. எந்த விந்தணு எந்த முட்டையைச் சேரும் என்பது தற்செயல். இரண்டையும் பெருக்கினால் 3-க்குப் பின்னால் 26 சுழியம் போட வேண்டும். குறுக்கேற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே.

ராயபுரத்தில் பிறக்கும் பெண் குழந்தை

இதே இயந்திரம் நம்மிடம் வேறு நேரக்கணக்கில் ஓடுகிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் இன்று ஒரு பெண் குழந்தை பிறந்தால், அவளுடைய முட்டைச் செல்கள் எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்து, துண்டு மாற்றி முடித்து, முதல் பிரிவின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். வயதுக்கு வந்தபின் மாதந்தோறும் ஒன்று அந்தப் பிரிவை முடித்து வெளிவரும். விந்தணு நுழைந்தால் மட்டுமே இரண்டாவது பிரிவும் நிறைவேறும். அப்படியென்றால் உங்களுடைய குரோமோசோம்களில் தாய்வழித் துண்டுகள் எங்கே வெட்டி ஒட்டப்படும் என்பது, உங்கள் அம்மா உங்கள் ஆயாவின் வயிற்றில் இருந்தபோதே முடிவாகிவிட்டது.

இந்த நீண்ட காத்திருப்புக்கு ஒரு விலையும் உண்டு. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஜோடிகளைப் பிணைத்துவைக்கும் புரதங்கள் காலப்போக்கில் தளர்கின்றன. ஒரு ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டால் முட்டையில் ஒன்று கூடிவிடும். 21-ஆம் குரோமோசோமில் இது நடக்கும்போது டவுன் நோய்க்குறி. தாயின் வயது ஏற ஏற இதன் வாய்ப்பு கூடுவது இதனால்தான். பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை. கர்ப்பத்தில் சாப்பிட்டதற்கும் கிரகணத்துக்கும் இதில் பங்கே கிடையாது. வேறுபாட்டை உண்டாக்கும் அதே பிரிவு, எப்போதாவது கணக்குத் தப்பும்.

கலக்க முடியும், படைக்க முடியாது

இவ்வளவு விதங்கள் எதற்கு? கழிமுகத்தின் தண்ணீர் நாளுக்கொரு குணம் காட்டும். கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் உப்பு ஏறும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் வந்தால் உப்பு இறங்கும். நோய்க்கிருமிகள் வரும். எந்த முட்டைக்கு எந்தச் சேர்க்கை நல்லது என்று மியாசிஸுக்குத் தெரியாது. லட்சக்கணக்கான விதங்களைத் தண்ணீரில் போட்டுவைக்கிறது. கூட்டம் குறையாமலும் கூடாமலும் இருக்க, ஒரு தாயின் லட்சக்கணக்கான பிள்ளைகளில் சராசரியாக இரண்டு பிழைத்துப் பெரிதானால் போதும். அந்த இரண்டு எவை என்பதைப் பெரும்பாலும் அதிர்ஷ்டமும், ஓரளவு அந்த ஆண்டுத் தண்ணீரும் முடிவுசெய்கின்றன.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. மியாசிஸ் புதிய மரபணு எதையும் உண்டாக்குவதில்லை. ஒரு மரபணுவின் மாற்று வடிவங்கள் திடீர்மாற்றத்தால் மிக மெதுவாகத் தோன்றுகின்றன. மியாசிஸ் அவற்றைப் புதிய சேர்க்கைகளில் வைக்கிறது, அவ்வளவுதான். தாயும் தந்தையும் ஒரே வடிவத்தை வைத்திருந்தால் ஆயிரம் முறை குறுக்கேற்றம் நடந்தாலும் அந்த இடத்தில் வருவது அதே வடிவம்தான். கூட்டத்திலிருந்து ஒரு வடிவம் அழிந்துபோனால் எந்தக் கலப்பும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

பண்ணைக்காரர்கள் இதன் ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் கிழக்குக் கரையின் வரி இறால் பண்ணைகளைக் காலி செய்தது. 2009-இல் லத்தீன் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த வனாமி இறால் அனுமதிக்கப்பட்டது. குறிப்பிட்ட சில நிறுவனங்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த தாய் இறால்கள் நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகும். பண்ணையில் வளர்ந்ததையே தாயாக்கிக் குஞ்சு எடுத்தால், உடன்பிறந்தவை தமக்குள் சேர்ந்து, வளர்ச்சியும் பிழைப்பும் குன்றும் ஆபத்து உண்டு. இறக்குமதியையே நம்பியிருக்க முடியாது என்பதால்தான் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நம் வெள்ளை இறாலை வைத்தே தேர்வினக் கூட்டம் ஒன்றை உருவாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. அந்தத் திட்டத்துக்கான முதலீடு நம் கடலில் இருக்கும் இறால்களின் பலவிதம்.

எத்தனை தாய்?

அந்த முதலீட்டை எப்படிக் காப்பது? தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். தடையின் பயனை மீன் எண்ணிக்கையில்தான் பேசுகிறோம். மரபணுக் கண்ணால் பார்த்தால், முட்டை விடும் தாய்களின் எண்ணிக்கை கூடுவது அதைவிட முக்கியம். வெள்ளை இறால் ஆண்டின் பல மாதங்களிலும் முட்டை விடுவது என்பதால், இந்த 61 நாள் அதற்குப் பாதுகாப்பின் ஒரு பகுதியை மட்டுமே தரும்.

லட்சக்கணக்கில் முட்டை விடும் கடல் உயிரிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் ஆண்டின் குஞ்சுகளில் பெரும்பகுதி, நல்ல நேரத்தில் நல்ல நீரோட்டத்தில் முட்டை விட்ட சில தாய்களுடையதாகவே இருந்துவிடக்கூடும். லாட்டரிச் சீட்டில் சிலருக்கே பரிசு விழுவதைப்போல என்று கடல் மரபியலாளர்கள் இதை விவரிக்கிறார்கள். வலை நிறைய இறால் இருக்கும். உள்ளுக்குள் அது சில குடும்பங்களின் கூட்டமாக இருக்கும். எடைபோட்டால் இது தெரியாது.

எண்ணூர்க் கழிமுகத்தில் அந்தக் குலுக்கலில் பங்கெடுக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் ஆற்றின் படுகையில் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் எங்கும் பரவி, அலையாத்திச் செடிகளின் தண்டில் கறையாகப் படிந்தது. ஒரு பருவத்துக் குஞ்சுகள் மொத்தமாக அழிந்தால் அடுத்த ஆண்டு கடலிலிருந்து வேறு குஞ்சுகள் வரலாம், எண்ணிக்கை தேறிவிடலாம். எந்தெந்தக் குடும்பங்கள் திரும்பி வரவில்லை என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பச்சை வரி இறால் குஞ்சுகளைப் பெருமளவில் கடலில் விட்டுவருகிறது. எண்ணூருக்கும் அப்படி ஒரு திட்டம் வரவேண்டும் என்று கேட்பது நியாயம். வரும்போது, எத்தனை லட்சம் குஞ்சு விட்டார்கள் என்பதோடு, அவை எத்தனை தாய்களின் குஞ்சுகள், அந்தத் தாய்கள் எங்கே பிடிக்கப்பட்டவை என்றும் மீனவர் சங்கங்கள் கேட்க வேண்டும். பத்துத் தாய்களிடமிருந்து முப்பது லட்சம் குஞ்சு எடுத்துவிட முடியும். விழா மேடையில் அந்த எண் பெரிதாக ஒலிக்கும். முந்நூறு தாய்களிடமிருந்து எடுத்த முப்பது லட்சத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், அடுத்த நோயோ அடுத்த எண்ணெய்ப் படலமோ வரும் ஆண்டில் வலையில் தெரியும். மரபணுச் சோதனையால் இந்தக் கணக்கை இன்று எடுக்க முடியும். இறக்குமுகப் பதிவேட்டில் எடைக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.